பாடசாலை அலுவலகம்: டைல்ஸ் பதிக்க முன்னர் கொஞ்சம் யோசிப்போம்

எங்கள் கிழக்கு மாகாணப் பாடசாலைகளில் ஒரு நல்ல பழக்கம் வளர்ந்து வருகிறது. பழைய மாணவர்கள் பெட்ச் பெட்ச்சாகச் சேர்ந்து ஏதாவது செய்து கொடுக்கிறார்கள். ஒரு பெட்ச் வாசல் கட்டுகிறது, இன்னொன்று குடிநீர்த் தாங்கி வைக்கிறது, கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கிற பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். அண்மைக் காலமாக "அலுவலகத்தைத் திருத்திக் கொடுப்போம்" என்ற பேச்சு பல இடங்களில் கேட்கிறது. மிக நல்லது. அதைப் பற்றித்தான் ஆசிரியர்களாகிய எங்களுக்குச் சில விடயங்கள் சொல்ல இருக்கின்றன. எந்த அதிபரையும் எந்தப் பாடசாலையையும் குறிவைத்து எழுதவில்லை. தொப்பி யாருக்கும் அளவாக இருந்தால் அது எங்கள் பொறுப்பல்ல!

வழக்கமாக என்ன நடக்கிறது? ஒரு பழைய வகுப்பறையை ஒதுக்குகிறார்கள். 20 அடிக்கு 20 அடி என்று வைத்துக்கொள்வோம். மேசன் பாஸ் வருகிறார், நடுவில் ஒரு சுவர். ஒரு பாதி அதிபர் அறை. அதற்குக் கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுழல் கதிரை, கேடயங்கள் அடுக்க ஷோகேஸ், பழைய அதிபர்களின் படங்கள். மற்றப் பாதியில் இரண்டு முகாமைத்துவ உத்தியோகத்தர்கள், நாலு இரும்பு அலுமாரி, போட்டோ கொப்பி மெசின், பிரின்டர், பிரிக்காத இலவசப் பாடநூல் கட்டுகள், மேலதிகமாக வந்த சீருடைத் துணி, கால் உடைந்த கதிரைகள். இவ்வளவுக்கும் இடையில் மிச்சமிருக்கும் இடத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் நிற்க வேண்டும். பல இடங்களில் அந்த மிச்சமும் இல்லை. விராந்தையில் நின்று யன்னல் கம்பிக்கு வெளியே இருந்து கதைக்க வேண்டியதுதான்.

திறப்பு விழாவில் படம் அழகாக வரும். ஆனால் அந்த அலுவலகத்துக்கு அலுவலாக வருகிறவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

வருகிறவர்களைப் பாருங்கள். வசதிகள் சேவைக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் தவணை கேட்க வரும் உம்மா. கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டதால் பிள்ளையை யார் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்ல வரும் மூத்தம்மா. விடுகைப் பத்திரம் எடுக்க வந்திருக்கும் வாப்பா; ஏன் விலக்குகிறார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். உடல்நிலை சரியில்லாமல் வீட்டுக்குப் போக அனுமதி கேட்கும் தரம் 9 மாணவி. இவர்கள் எல்லோரும் மெதுவாகத்தான் பேசுவார்கள். உள்ளே பிரின்டர் சத்தம், மேலே பேன் சத்தம். "என்ன? சத்தமாச் சொல்லுங்க" என்று உள்ளே இருந்து கேட்பார்கள். பிறகு அந்த உம்மாவின் கஷ்டம் வரிசையில் நிற்கும் எட்டுப் பேருக்கும் தெரியும். அஸருக்குள் ஊருக்கே தெரியும்.

அப்படிக் கேட்கும் உத்தியோகத்தரைக் குறை சொல்ல மாட்டோம். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த அறையின் அமைப்பு அப்படி. ஒருவர் எங்களிடம் சொல்வது அமானிதம் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அந்த அமானிதத்தைப் பேண முடியாத ஓர் அறையை நாமே காசு கொடுத்துக் கட்டுகிறோம். அதனால் எங்கள் கருத்து இதுதான்: அலுவலகத்தைத் திட்டமிடும்போது முதல் இடம் அங்கு வந்து நிற்பவருக்கு, இரண்டாவது இடம் அங்கு நாள் முழுக்க வேலை செய்பவருக்கு, மூன்றாவது இடம் இடாப்புகளுக்கு. அதிபரின் அறை அதற்குப் பிறகு வரட்டும்.

வகுப்பறையில் கதிரை மேசையை எப்படி அடுக்குவது என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். வரிசையாகப் போட்டால் ஒரு விதமான வகுப்பு, குழுவாகப் போட்டால் இன்னொரு விதமான வகுப்பு. தளபாடம் நிற்கும் விதம் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றும் என்று அங்கே எழுதிப் பரீட்சையும் பாஸ் பண்ணினோம். அதே பாடம் அலுவலகத்துக்கும் பொருந்தும் என்பதை மட்டும் மறந்துவிட்டோம்.

கொழும்பு அல்பிரட் ஹவுஸ் வீதியில் ஜெப்ரி பாவா நடத்திய அலுவலகம் இப்போது ஓர் உணவகம். போனவர்களுக்குத் தெரியும். வாசலில் இருந்து முற்றம், நிழல், தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். வருகிறவர் எந்த வழியாக நடந்து வருவார், எங்கே நின்று மூச்சு விடுவார் என்பதைத்தான் அந்த மனிதர் முதலில் யோசித்திருக்கிறார். எங்களிடம் பாவாவும் இல்லை, முற்றத்துக்கு இடமும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கக் காசு தேவையில்லை.

சரி, என்ன செய்யலாம்? வரிசையாகச் சொல்கிறோம்.

1. முதலில் ஒரு கொப்பி

மேசனைக் கூப்பிட முன்னர், அலுவலக வாசலில் ஒரு வாரத்துக்கு ஒரு கொப்பியை வையுங்கள். யார் வந்தார், எதற்கு வந்தார், எவ்வளவு நேரம் நின்றார், எங்கே நின்றார். இந்த நான்கு மட்டும் போதும். சாதாரண வாரத்தில் ஒன்று, நெரிசலான வாரத்தில் ஒன்று எடுத்தால் இன்னும் நல்லது. தரம் 1 அனுமதிக் காலத்திலும், சாதாரண தரப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பும் காலத்திலும் அலுவலகம் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். அந்தக் கொப்பியைப் பார்த்தால் எவ்வளவு இடம் யாருக்கு வேண்டும் என்று தானாகப் புரியும்.

உத்தியோகத்தரிடமும் சிற்றூழியரிடமும் கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் எழும்பி எந்த அலுமாரிக்குப் போகிறீர்கள் என்று. அலுவலகத் திருத்தக் கூட்டங்களுக்கு எல்லோரையும் அழைக்கிறார்கள், அந்த அறையில் வேலை செய்பவரை மட்டும் அழைப்பதில்லை.

2. கழிக்க வேண்டியதைக் கழியுங்கள்

எங்கள் பாடசாலைகளில் 5எஸ் ஸ்டிக்கர் இல்லாத சுவர் இல்லை. தேசிய உற்பத்தித்திறன் செயலகத்தின் போட்டிக்கென்று மேசை லாச்சிக்குள்ளும் கோடு போட்டுப் பேனா வைக்கும் இடத்தைக் குறித்திருப்போம். ஆனால் ஜப்பான்காரன் முதலாவதாக வைத்த "செய்ரி" என்பதன் பொருள், தேவையானதையும் தேவையில்லாததையும் பிரித்துத் தேவையில்லாததை அகற்றுவது. அதைத் தாண்டி நேரே அழகுபடுத்தலுக்குப் போய்விடுகிறோம். வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் உடைந்த தளபாடங்களை முறைப்படி கழித்து, பாடநூல் கட்டுகளைக் களஞ்சியத்துக்கு அனுப்பினாலே பல அலுவலகங்களில் ஒரு மேசை போடும் இடம் கிடைக்கும். புதுச் சுவரும் தேவைப்படாமல் போகலாம்.

3. அளவுப்படம் வரையுங்கள், பிறகு மைதானத்தில் போடுங்கள்

வரைபுத் தாளில் ஒரு அடிக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று எடுத்தால், அறை 20 சென்ரிமீற்றர் சதுரம். மேசை, அலுமாரி, கதிரை எல்லாவற்றையும் அதே அளவிடைக்கு மட்டையில் வெட்டி நகர்த்திப் பாருங்கள். அளவிடைப் படம் கணித பாடத்தில் இருக்கிறது, பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். உண்மையான ஒரு வேலைக்காக வரைந்த படத்தை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

பிறகு இல்ல விளையாட்டுப் போட்டிக்குத் தடம் போடுகிற அதே சுண்ணாம்பை எடுத்து, மைதானத்தில் 20க்கு 20 சதுரம் போடுங்கள். உள்ளே சுவர் வரும் இடத்தில் கோடு, கதவு வரும் இடத்தில் இடைவெளி. உண்மையான மேசை கதிரையைக் கொண்டுவந்து வைத்து நடந்து பாருங்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் விலக முடிகிறதா? அலுமாரிக் கதவைத் திறந்தால் யாருடைய கதிரையில் இடிக்கிறது? சுண்ணாம்புக் கோட்டை அழிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். செங்கல்லை அழிக்க முடியாது.

சில அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும் மேசை சுமார் 30 அங்குல உயரம், 2 அடி ஆழம். கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்ப மேசைக்குப் பின்னால் 3 அடி. நடைபாதைக்கு 3 அடி. சக்கர நாற்காலி ஒன்று முழுதாகத் திரும்ப 5 அடி விட்டமுள்ள வட்டம்.

4. எங்கள் 400 சதுர அடி

ஒரு மாதிரி சொல்கிறோம். சுவர்த் தடிப்பை விட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்போம். விராந்தைப் பக்கமாக 6 அடி ஆழத்துக்கு ஒரு பகுதி, பின்னால் 14 அடி ஆழத்துக்கு ஒரு பகுதி.

முன்பகுதியில் 13க்கு 6 அடி, வருகிறவர்கள் இருக்கும் இடம். ஓர் ஓரத்தில் நீள வாங்கு. மற்ற இடம் வெறுமையாக இருக்கட்டும், சக்கர நாற்காலியும் கைக்குழந்தையோடு வரும் உம்மாவும் திரும்ப வேண்டும்.

முன்பகுதியின் மற்ற முனையில் 7க்கு 6 அடி, ஒரு சின்னக் கதைக்கும் அறை. ஒரு வட்ட மேசை, மூன்று கதிரை. இந்த முழுத் திட்டத்திலும் நாங்கள் விட்டுக்கொடுக்க விரும்பாத இடம் இதுதான். 42 சதுர அடி. இதன் தடுப்புச் சுவர் கூரை வரை போக வேண்டும். தலைக்கு மேலே திறந்திருக்கும் பிளைவூட் தடுப்பு ஆளை மறைக்கும், பேச்சை மறைக்காது. அதேநேரம் கதவில் ஒரு கண்ணாடித் துண்டு கட்டாயம் இருக்க வேண்டும். பிள்ளையோடு பெரியவர் ஒருவர் தனியாக இருக்கும் எந்த அறையும் வெளியே இருந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். பேச்சு வெளியே கேட்கக்கூடாது, ஆட்கள் வெளியே தெரிய வேண்டும். இரண்டும் பிள்ளையின் பாதுகாப்புத்தான்.

பின்பகுதியில் 11க்கு 14 அடி, அலுவலகம். இரண்டு மேசை, மெசின்கள், முன்னால் கவுன்டர். கவுன்டரின் ஒரு பகுதி நின்று எழுத 42 அங்குலம். இன்னொரு பகுதி மேசை உயரத்துக்குப் பதிந்து, கீழே முழங்கால் நுழைய இடத்தோடும் முன்னால் ஒரு கதிரையோடும். வயதானவர்களும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் அதில் இருந்து கதைக்கலாம்.

அதன் பக்கத்தில் 9க்கு 10 அடி, அதிபர் அறை. 9க்கு 4 அடி, இடாப்புகள் வைக்கும் அறை. கதவு அலுவலகப் பக்கம்.

கூட்டிப் பாருங்கள்: 78, 42, 154, 90, 36. சரியாக 400.

5. காற்று, வெளிச்சம், வயர்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் சீற் கூரைக்குக் கீழே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். முன் யன்னலுக்கும் பின் யன்னலுக்கும் இடையில் ஒரு நேர்வழி இருந்தால் அறை மூச்சு விடும். நடுவில் கூரை வரை ஒரு சுவரை எழுப்பி, ஒரு பக்கம் மட்டும் ஏ.சி. போட்டால், மற்றப் பக்கத்துக்கு இருந்த காற்றையும் பறிக்கிறோம். மேலே சொன்ன மாதிரியில் அலுவலகப் பகுதி கவுன்டருக்கு மேலால் முன்னுக்கும் பின்னுக்கும் திறந்தே இருக்கும். அதிபர் அறையின் தடுப்புக்கு மேலேயும் இடைவெளி விடலாம், அந்தரங்கப் பேச்சுக்குத்தான் வேறு அறை இருக்கிறதே.

கொம்பியூட்டர் திரை யன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். யன்னல் திரைக்கு முன்னால் இருந்தால் வெளிச்சம் திரையில் பட்டுத் தெறிக்கும், பின்னால் இருந்தால் கண் கூசும். பேன் மேசைக்கு நேர் மேலே வந்தால் ஆயுள் முழுக்க பைலுக்கு மேல் கல் வைக்க வேண்டியதுதான். எனவே மேசை எங்கே என்று முடிவெடுத்த பிறகுதான் வயரிங். பிளக் பொயின்ட் தேவையான இடத்தில் இல்லாததால் நடைபாதையில் நெளிகிற எக்ஸ்டென்ஷன் வயரில் ஒரு நாள் யாராவது தடுக்கி விழுவார்கள். போட்டோ கொப்பி மெசினுக்குத் தனி வயர் இழுத்து, அதை யன்னலோரம் வையுங்கள். அது சூட்டையும் தூசியையும் கக்குகிற சாமான்.

6. இடாப்புகள்

சேர்விடாப்பில் இருக்கும் ஒரு வரி, நாற்பது வருடம் கழித்து ஒருவருக்குத் தேவைப்படும். எங்கள் கரையோர ஊர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதியையும், 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்டவர்கள் நாம். ஆனாலும் பழைய இடாப்புகளை அலுமாரியின் கீழ்த்தட்டில்தான் வைக்கிறோம், "அது அடிக்கடி தேவைப்படாது" என்று. மாற்றி வையுங்கள். பழையதும் திரும்பக் கிடைக்காததும் மேல்தட்டில், வெற்றுத் தாளும் படிவங்களும் கீழே. அலுமாரியைச் சுவரோடு ஒட்டாமல் மூன்று நாலு அங்குலம் தள்ளி வைத்தால் ஈரமும் கறையானும் தெரிய வரும். மேலே ஒரு காற்றுத் துளை இருந்தால் போதும், இந்த அறைக்கு வெயில் தேவையில்லை.

7. வாசற்படி

மாற்றுத்திறனாளிகள் பொதுக் கட்டிடங்களுக்குள் போய்வரும் வசதி பற்றி 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006இல் ஒழுங்குவிதிகளே வந்துவிட்டன. சாய்தளம் என்றால் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். விராந்தை ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி வேண்டும். பல இடங்களில் நாலடி நீளத்தில் ஒன்றைக் கட்டி "சாய்தளம் இருக்கிறது" என்று காட்டுகிறோம். அதில் சக்கர நாற்காலி ஏறாது, மோட்டார் சைக்கிள்தான் ஏறும்.

இவ்வளவும் சொன்னால் ஒரு கேள்வி வரும். "அதிபருக்கு மரியாதை வேண்டாமா? வலயத்தில் இருந்து அதிகாரி வந்தால் எங்கே இருத்துவது?"

மரியாதை வேண்டும். 9க்கு 10 அடி அறையில் ஐந்தடி மேசை, பின்னால் எழும்ப மூன்றடி, முன்னால் இரண்டு கதிரை எல்லாம் தாராளமாக அடங்கும். இருபது பேர் கூடும் கூட்டம் மாதத்தில் ஒரு தரமோ இரண்டு தரமோ வருகிறது, நூலகத்தில் வைக்கலாம். மாதத்தில் இரண்டு தரம் வருகிற கூட்டத்துக்காக 200 சதுர அடியைப் பூட்டி வைத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் வருகிற பெற்றோரை வெயிலில் நிறுத்துவதில் கணக்குப் பிழை இருக்கிறது. கேடயங்களும் அதிபர் அறைக்குள் இருக்கத் தேவையில்லை. வென்ற பிள்ளைகள் பார்க்கும்படி விராந்தையில் இருக்கட்டும். அதிபர் அறை சிறிதாகி, உம்மாமார் இருந்து கதைக்க ஓர் இடம் வந்தால், அந்த அதிபரின் மரியாதை ஊரில் கூடும்.

"இதெல்லாம் செலவு" என்று இன்னொரு கதை வரும். கணக்குப் பாருங்கள். ஏ.சி.யும், கண்ணாடிக் கதவும், சுவரில் பாதி உயரத்துக்கு டைல்ஸும் வாங்குகிற காசில் ஒரு தடுப்புச் சுவர், ஒரு கவுன்டர், ஒரு வாங்கு, சரியான வயரிங் எல்லாம் அடங்கிவிடும் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது. எங்கள் ஊர் ஓடாவிமார் கையில் நல்ல வேலை இருக்கிறது. அளவைச் சரியாகக் கொடுத்தால் அவர்கள் சரியாகச் செய்து தருவார்கள்.

ஆசிரியர் ஓய்வறையைப் பற்றி இதில் எழுதவில்லை. 30 பேருக்கு ஒரு மேசை என்ற கதை தனியாக எழுத வேண்டியது. அது எங்கள் சொந்தக் கஷ்டம், கொஞ்சம் பொறுக்கலாம். பெற்றோரின் கஷ்டம் முதலில் தீரட்டும்.

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காசைக் கையளிக்க முன்னர் அளவுப்படத்தைக் கேளுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள்: வருகிறவர் எங்கே இருப்பார்? இரகசியமாகக் கதைக்க வேண்டியவர் எங்கே கதைப்பார்? வெள்ளம் வந்தால் சேர்விடாப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கும்? மூன்றுக்கும் பதில் படத்தில் இருந்தால் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கல்லை வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரம் பொறுத்து, ஒரு கொப்பியையும் ஒரு மூட்டை சுண்ணாம்பையும் வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பெயர்ப்பலகை வைக்க முடியாதுதான். பரவாயில்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் பெற்றோரும் இதைக் கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். உங்கள் பாடசாலையில் இப்படி ஒரு கதைக்கும் அறை ஏற்கெனவே இருந்தால் அதன் அளவையும் அமைப்பையும் கீழே எழுதுங்கள். இதைவிட நல்ல மாதிரி யாரிடமாவது இருக்கும். எல்லோருக்கும் உதவும்.